மண்டபத்துப் பேச்சைக் கைப்பேசிக்குத் தாமதமில்லாமல் கொண்டுபோக

கல்யாண மண்டபத்தை யாரும் பேச்சுக் கேட்பதற்காகக் கட்டுவதில்லை. கீழே கிரானைட், பக்கத்தில் வழவழப்பான சுவர், மேலே உயரமான கூரை. ஒலிபெருக்கியை விட்டுக் கிளம்பிய ஒரு சொல், அடுத்த சொல் வந்து சேர்ந்த பிறகும் அங்கேயே அலைந்துகொண்டிருக்கும். நாகஸ்வரத்துக்கும் மொய் எழுதுகிறவருக்கும் அதனால் இடைஞ்சல் இல்லை. ஆனால் அதே மண்டபத்தில்தான் பட்டிமன்றமும், ஓய்வூதியர் சங்கக் கூட்டமும், விவசாயிகள் கருத்தரங்கும் நடக்கின்றன. எங்கள் குடும்பத்துக்கு மைக்செட் தொழில். நான் இரண்டாம் தலைமுறை. அப்பா காலத்துப் புகார் "சத்தம் போதவில்லை" என்பது. எனக்கு வருவது "சத்தம் இருக்கிறது, பேச்சு புரியவில்லை" என்பது. சொல்கிறவர்கள் பெரும்பாலும் காது மந்தமான பெரியவர்கள். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை ஏற்றினால் அவர்களுக்கு எதிரொலிதான் கூடும்.

மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்சரில் இருக்கும் சுத்தமான ஒலியை அவரவர் கைப்பேசிக்கு அனுப்பி இயர்போனில் கேட்கவைத்தால் இந்தப் புகார் தீர்ந்துவிடும். அதற்குச் செயலி எதுவும் வேண்டாம். வாசலில் நிற்கும் எழுபது வயதுக்காரரிடம் "இதை இறக்கிக்கொள்ளுங்கள், கடவுச்சொல் போடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள், கூட்டம் முடிந்துவிடும். பிரவுசரில் ஒரு பக்கம், அதில் ஒரு பெரிய பொத்தான். அவ்வளவுதான் அவர் கண்ணில் பட வேண்டும்.

எவ்வளவு தாமதம் தாங்கும்

தாமதம் குறைய வேண்டும் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எவ்வளவு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். குறைக்கும் ஒவ்வொரு மில்லிவினாடியும் வேறொன்றை விலையாகக் கேட்கும்.

மேடையைப் பார்த்துக்கொண்டே கேட்பவருக்கு உதடும் சொல்லும் ஓரளவு பொருந்த வேண்டும். தொலைக்காட்சிக்காகச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிட்ட பரிந்துரை ஒன்று, ஒலி படத்துக்கு 125 மில்லிவினாடி பிந்தினால் பார்வையாளர் கவனிக்கத் தொடங்குவார், 185 வரை பொறுத்துக்கொள்வார் என்கிறது. எனக்கு அதுதான் இலக்கு. ஏறத்தாழ 200க்குள் வந்துவிட்டால் நான் அதற்கு மேல் மெனக்கெடுவதில்லை.

மண்டபத்தில் இன்னொரு கணக்கும் சேர்கிறது. நம் ஊர் வெயிலில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகும். ஒலிபெருக்கியிலிருந்து 25 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு அது போய்ச் சேரவே 70 மில்லிவினாடி ஆகும். கைப்பேசி 200 மில்லிவினாடி பிந்தினால், அவர் காதில் விழும் இரண்டு ஒலிகளுக்கும் இடைவெளி 130தான். முதல் வரிசையில் இருப்பவருக்கோ கிட்டத்தட்ட முழு 200. பின்வரிசையிலிருந்து உதடு தெரியவும் தெரியாது. ஆகவே கைப்பேசியில் கேட்பவர்களைப் பின்பாதியில் உட்காரவையுங்கள். காது கேட்காதவர்களை முன்னால் உட்காரவைப்பதுதான் மரியாதை என்று விழாக் குழுவினர் வாதாடுவார்கள். இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். பாதிப் பேர் ஒப்புக்கொள்வார்கள்.

மண்டப ஒலிபெருக்கியையே அதே அளவு பிந்தவைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடுமே என்று சிலருக்குத் தோன்றும். செய்யாதீர்கள். தன் குரல் 200 மில்லிவினாடி அளவில் பிந்தித் தன் காதிலேயே விழுந்தால் நன்றாகப் பேசுகிறவருக்கும் நாக்குத் தடுமாறும்.

மொழிபெயர்ப்பு என்றால் கணக்கே வேறு. இந்தியில் பேசும் வேளாண் விஞ்ஞானியின் உரையை உடனுக்குடன் தமிழில் சொல்பவர் எப்படியும் சில வினாடி பின்னால்தான் வருவார். அதோடு இன்னொரு அரை வினாடி சேர்ந்தால் யாருக்கும் தெரியாது. அந்த மாதிரிக் கூட்டத்தில் தாமதத்தைத் தாராளமாகக் கொடுத்து, அறுபடாத ஒலியை வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

பழைய வழிகள் ஏன் உதவாது

இணைய வானொலிக்குப் பயன்படும் ஐஸ்காஸ்ட் மாதிரியான சர்வரை முதலில் எல்லோரும் முயல்வார்கள். எளிது, பழையது, எல்லாக் கைப்பேசியிலும் பாடும். ஆனால் புதிதாக ஒருவர் இணைந்தவுடன், ஒலி உடனே தொடங்கட்டும் என்று ஐஸ்காஸ்ட் 65,536 பைட் அளவுக்குப் பழைய ஒலியை அவரிடம் கொட்டும். இது அதன் இயல்பு அமைப்பு. வினாடிக்கு 128 கிலோபிட் எம்பி3 என்றால் அதுவே நான்கு வினாடிக்கு மேல். பிரவுசர் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்து வைக்கும். ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ் ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புகிறது. துண்டுக்கு 6 வினாடி என்பது ஆப்பிளின் பரிந்துரை. மூன்று துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு ஓடினால் 18 வினாடி போய்விட்டது. நடுவரின் நகைச்சுவைக்கு மண்டபம் சிரித்து ஓய்ந்த பிறகு ஒருவர் மட்டும் தனியாகச் சிரிப்பார். குறைந்த தாமத எச்எல்எஸ் என்ற புது வடிவம் 2019இல் வந்தது; அதுவும் வினாடிக் கணக்குத்தான்.

எண்ணைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இவை இரண்டும் வழியில் எதுவும் தொலையக் கூடாது என்ற விதியில் ஓடுபவை. ஒலியைச் சுமந்து வரும் ஒரு பாக்கெட், அதாவது சிறு பொட்டலம், வரவில்லை என்றால் அது திரும்ப வரும்வரை பின்னால் வந்தவை எல்லாம் காத்திருக்கும். ஒரு இலைக்குச் சாம்பார் வரவில்லை என்று மொத்தப் பந்தியையும் நிறுத்திவைப்பதுபோல. நின்ற நேரம் தாமதத்தோடு சேரும். பெரும்பாலும் திரும்பக் குறையாது. கூட்டம் தொடங்கும்போது ஐந்து வினாடியாக இருந்தது முடியும்போது இருபதாக இருக்கும்.

பிரவுசருக்குள்ளேயே இருக்கும் நேரடி ஒலி, படத் தொடர்பு முறையான வெப்ஆர்டிசி இதற்கு நேர் எதிர். தொலைந்தது தொலைந்தது என்று விட்டுவிட்டு மேலே போகும். வராத துணுக்கின் இடத்தைக் கைப்பேசி ஊகித்து நிரப்பும். பாக்கெட்டுகள் தாறுமாறாக வந்தால், பாடுவதற்கு முன் கையில் வைத்திருக்கும் ஒலியின் சேமிப்பைச் சற்றுக் கூட்டும். நிலைமை சீரானதும் குரலின் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மெல்லக் கூட்டி, விட்ட நேரத்தைப் பிடித்துவிடும். நேரடிப் பேச்சுக்கு இந்தக் குணம்தான் வேண்டும். ஐபோனில் 2017இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து இது வேலை செய்கிறது. ஆண்ட்ராய்டு குரோமில் அதற்கு முன்பிருந்தே உண்டு. ஆகவே பழைய கைப்பேசி என்று அநேகமாக யாரையும் திருப்பி அனுப்ப வேண்டியிருக்காது.

மிக்சரிலிருந்து சர்வர் வரை

மிக்சரில் ஒரு ஆக்ஸ் வெளியீட்டை, அதாவது தனிக் கலவை வெளியேறும் துளையை, இதற்கென்றே ஒதுக்குங்கள், ஃபேடர் பாதிக்காத ப்ரீ-ஃபேடர் அமைப்பில். மண்டபத்துக்காக நீங்கள் ஃபேடரை ஏற்றி இறக்குவது இயர்போனில் கேட்பவரை ஆட்டக் கூடாது. பேசும் மைக்குகள் மட்டும் போதும். வரவேற்புப் பாட்டுப் போடும் லேப்டாப்பை மிகக் குறைவாகக் கலந்துவிடுங்கள். இந்த ஆக்ஸில் ஒலி ஓர் எல்லையைத் தாண்டாமல் பிடித்துவைக்கும் லிமிட்டர் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். மைக்கைத் தட்டி "கேட்கிறதா?" என்று பார்க்கும் பழக்கம் எந்தப் பேச்சாளரையும் விடாது. அந்தத் தட்டு ஒலிபெருக்கியில் ஒரு தும்மல், இயர்போனில் கன்னத்தில் விழும் அறை.

ஆக்ஸிலிருந்து யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், அங்கிருந்து லேப்டாப். இடையில் ஒரு ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுவிடுங்கள். மண்டபத்து மின் இணைப்பில் லேப்டாப் சார்ஜரும் ஆம்ப்ளிஃபயரும் வேறு வேறு பிளக்கில் இருக்கும்போது வரும் ஊமை உறுமலை அது நிறுத்திவிடும். லேப்டாப்பின் மைக் துளையில் நேராகச் செருகுவது பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

வெப்ஆர்டிசியில் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் சர்வருக்கு மீடியாஎம்டிஎக்ஸ் என்ற இலவசத் திறமூல மென்பொருளைப் பரிந்துரைப்பேன். ஒரே கோப்பு, நிறுவுதல் என்று எதுவும் இல்லை. விண்டோஸ், லினக்ஸ், ராஸ்பெரி பை எல்லாவற்றிலும் ஓடும். இயல்பாக 8889ஆம் போர்ட்டில் (கணினியின் இணைப்பு வாசல்) பக்கத்தையும், தொலைந்ததற்குக் காத்திருக்காமல் அனுப்பும் யுடிபி முறையில் 8189இல் ஒலியையும் கொடுக்கும்; ஃபயர்வாலில் இரண்டையும் திறந்துவிடுங்கள். பக்கம் வருகிறது, ஒலி வரவில்லை என்றால் இரண்டாவது அடைபட்டிருக்கும். அமைப்புகளின் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதால் கட்டளை வரிகளை இங்கே எழுதவில்லை. எதை எந்த மதிப்பில் வைப்பது என்பது தெரிந்தால் பெயரைக் கையேட்டில் தேடிக்கொள்ளலாம்.

சர்வருக்கு ஒலியை ஊட்ட இரண்டு வழிகள். எளிய வழி, அதே லேப்டாப்பில் குரோமைத் திறந்து மீடியாஎம்டிஎக்ஸின் வெளியிடும் பக்கத்திலிருந்து அனுப்புவது. எதிரொலி நீக்கம், இரைச்சல் குறைப்பு, தானியங்கி ஒலியளவு ஆகிய மூன்றையும் அணைத்தே ஆக வேண்டும். அவை வீட்டிலிருந்து பேசுகிறவருக்காகச் செய்யப்பட்டவை. மண்டபத்து மிக்சர் ஒலியைக் கொடுத்தால் கைத்தட்டலை இரைச்சல் என்று விழுங்கும், பேச்சாளர் மூச்சு வாங்கும் இடத்தில் மின்விசிறிச் சத்தத்தை ஏற்றும்.

நான் பயன்படுத்துவது இரண்டாவது வழி: எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் கொண்டு ஒலியை ஓப்பஸ் என்ற சுருக்க வடிவத்துக்கு (கோடெக்) மாற்றி, ஆர்டிஎஸ்பி என்ற ஓடை அனுப்பும் முறையில் சர்வருக்குக் கொடுப்பது. இதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஓப்பஸில் இழப்பை ஈடுகட்டும் வசதி ஒன்று உண்டு. ஒவ்வொரு பாக்கெட்டிலும் அதற்கு முந்தைய பாக்கெட்டின் மங்கலான நகல் ஒன்றைச் சேர்த்து அனுப்பும். ஒன்று தொலைந்தால் அடுத்ததிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். ஆனால் வழியில் இழப்பு இருக்கிறது என்று தெரிந்தால்தான் அனுப்பும் பக்கம் இந்த நகலைச் சேர்க்கும். குரோமிலிருந்து அனுப்பும்போது இழப்பைப் பற்றி அதற்குத் தகவல் சொல்வது அதே லேப்டாப்பில் இருக்கும் சர்வர். இடையில் காற்று இல்லை, இழப்பு பூஜ்யம். ஆகவே நகல் சேராது. வைஃபையில் பாக்கெட்டுகளைத் தொலைத்துக்கொண்டிருக்கும் பின்வரிசைக் கைப்பேசிகளின் பாடு குரோமுக்குத் தெரியவே தெரியாது. எஃப்எஃப்எம்பெக்கில் இந்த வசதியை இயக்கி, எதிர்பார்க்கும் பாக்கெட் இழப்பு 10 சதவீதம் என்று நாமே சொல்லிவிடலாம்.

இன்னொரு கண்ணி. ஓப்பஸில் குரல், இசை, குறைந்த தாமதம் என்று மூன்று முறைகள் உள்ளன. பெயரைப் பார்த்ததும் கை மூன்றாவதன் மேல்தான் போகும். அதில் நீங்கள் மிச்சம் பிடிப்பது 4 மில்லிவினாடி. இழப்பது மேலே சொன்ன ஈடுகட்டும் வசதியை முழுவதுமாக, ஏனென்றால் அந்த முறையில் அது இயங்காது. குரல் முறையை வையுங்கள். ஒற்றைத் தடம், வினாடிக்கு 32 கிலோபிட், 20 மில்லிவினாடித் துணுக்கு. பேச்சுக்கு இது தாராளம்.

விண்டோஸில் எஃப்எஃப்எம்பெக் ஒலியை எடுக்கும்போது கருவி ஒலியைத் தேக்கிவைக்கும் இயல்பான அளவு, அதாவது பஃபர், பெரும்பாலும் அரை வினாடி அளவில் இருக்கும். சர்வர், கோடெக், வைஃபை என்று எல்லாவற்றையும் சந்தேகித்த பிறகு கடைசியில் பார்க்கும் இடம் இது, முதலில் பாருங்கள். 50 மில்லிவினாடி என்று வைத்தால் போதும். ஒலி வெடித்தால் கொஞ்சம் ஏற்றுங்கள்.

சான்றிதழ் என்ற தொல்லை

பூட்டுப் போட்ட முகவரி, அதாவது எச்டிடிபிஎஸ், இல்லாமல் சில வசதிகள் பிரவுசரில் கிடைக்காது. திரை அணையாமல் வைத்திருப்பது அவற்றில் ஒன்று. அந்தப் பூட்டுக்கு ஒரு சான்றிதழ் வேண்டும். நாமே செய்த சான்றிதழைப் போட்டால் "இந்த இடம் பாதுகாப்பற்றது" என்று சிவப்பு எச்சரிக்கை வரும். பெரியவர்களுக்கு வங்கி மோசடி ஞாபகம் வந்துவிடும்; கைப்பேசியைப் பையில் வைத்துவிடுவார்கள்.

சொந்தமாக ஒரு டொமைன் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் ஒரு துணைப் பெயரை உருவாக்கி, பெயரை முகவரியாக மாற்றித் தரும் பொது டிஎன்எஸ் பதிவிலேயே மண்டபத்து லேப்டாப்பின் உள்முகவரியை, உதாரணமாக 192.168.10.2 என்பதை, எழுதிவிடுங்கள். லெட்ஸ் என்க்ரிப்ட் நிறுவனம் டிஎன்எஸ் வழியாகவே உரிமையைச் சரிபார்த்து இலவசச் சான்றிதழ் தரும். சர்வரை இணையத்துக்குத் திறக்க வேண்டியதில்லை. ரவுட்டரில் மட்டும் உள்ளூர்ப் பெயரை மாற்றிவைக்கும் தந்திரம் எல்லாக் கைப்பேசியிலும் பலிக்காது. தனிப்பட்ட டிஎன்எஸ் அமைத்திருக்கும் ஆண்ட்ராய்டு உங்கள் ரவுட்டரைக் கேட்கவே கேட்காது. பொதுப் பதிவில் இருந்தால் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் சில ரவுட்டர்கள், ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறமூல மென்பொருளில் ஓடுபவை உட்பட, பொதுப் பெயர் ஒன்று உள்முகவரியைக் காட்டினால் திருட்டு வேலை என்று தடுத்துவிடும். உங்கள் டொமைனுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கும் அமைப்பு அதிலேயே இருக்கும். சான்றிதழ் காலாவதியாகும் நாளை விழா நாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

வைஃபை: உண்மையான வேலை இங்கேதான்

கோடெக்கைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிப்பவர்கள் வைஃபையை மண்டபத்தின் ஓரத்தில் இருக்கும் வீட்டு ரவுட்டரிடம் விட்டுவிடுவார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 மில்லிவினாடித் துணுக்கு என்றால் ஒரு கைப்பேசிக்கு வினாடிக்கு 50 பாக்கெட். ஒவ்வொன்றின் தலையிலும் முகவரி, பாதுகாப்பு என்று ஏறத்தாழ 50 பைட் சுமை. அதுவே வினாடிக்கு 20 கிலோபிட். ஆக 32 என்பது 52 ஆகிறது. நூறு கைப்பேசி என்றால் 5.2 மெகாபிட். "இவ்வளவுதானா, என் ரவுட்டர் 300 மெகாபிட்" என்பீர்கள். மெகாபிட் பிரச்சினையே இல்லை. நூறு பேருக்கு வினாடிக்கு 5,000 குட்டிப் பாக்கெட்டுகள். ஒவ்வொன்றும் காற்றில் ஏறுவதற்குத் தன் முறைக்காகக் காத்திருந்து, போய்ச் சேர்ந்ததற்குப் பதிலும் வாங்க வேண்டும். நேரம் போவது அந்தச் சடங்கில்தான், உள்ளே இருக்கும் ஒலியில் இல்லை.

கூட்டம் பெரியதென்றால் துணுக்கை 40 மில்லிவினாடி ஆக்குங்கள். பாக்கெட் எண்ணிக்கை பாதியாகும், தலைச்சுமையும் பாதியாகும். தாமதம் 20 மில்லிவினாடி கூடும்; ஆனால் நெரிசல் குறைவதால் கைப்பேசி தன் சேமிப்பைச் சுருக்கிக்கொள்ளும். பல நேரம் மொத்தத் தாமதம் முன்பைவிடக் குறைந்தே போகும்.

ஆக்சஸ் பாயின்ட், அதாவது வைஃபையைப் பரப்பும் கருவி, ஒன்றுக்கு 40 கைப்பேசிக்கு மேல் நான் நம்புவதில்லை. 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் இயக்குங்கள், 2.4இல் ஒன்றையொன்று மிதிக்காத சேனல்கள் மூன்றுதான், அவற்றை அக்கம்பக்கத்துக் கடைகள் ஏற்கெனவே பங்குபோட்டிருக்கும். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். வேகம் குறையும், நமக்கு வேகம் தேவையில்லை. தனித்தனிச் சேனல்கள் அதிகம் கிடைப்பதுதான் தேவை. 52 முதல் 144 வரையிலான சேனல்களைத் தவிருங்கள். அங்கே ரேடார் போல எதையாவது உணர்ந்தால் ஆக்சஸ் பாயின்ட் இருந்த இடத்தை விட்டு ஓடிவிடும், கேட்பவருக்கு நடுப்பேச்சில் மௌனம். 36 முதல் 48, 149 முதல் 165 போதும். கருவியைத் தலைகளுக்கு மேலே கட்டுங்கள். உட்கார்ந்திருக்கும் கூட்டம் முழுக்க நீர்தான். 5 கிகாஹெர்ட்ஸை நன்றாகவே குடிக்கும். ஒத்திகையில் காலி நாற்காலிகளோடு அருமையாக வேலை செய்ததை நம்பிவிடாதீர்கள்.

சர்வர் லேப்டாப் கம்பியில்தான் இருக்க வேண்டும். அது வைஃபையில் இருந்தால் அதிலிருந்து கிளம்பும் ஒலியும் அதே காற்றில் இடம் கேட்கும்.

இந்த வைஃபையில் இணையமும் இருக்கட்டும், கொஞ்சமாவது. இணையம் இல்லாத வைஃபையைக் கைப்பேசிகள் சகித்துக்கொள்வதில்லை. சொல்லாமல் கொள்ளாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும், உள்முகவரி அங்கே கிடைக்காது. ஒரு 4ஜி டாங்கிள் போதும். ஆனால் ஒவ்வொரு கைப்பேசிக்கும் வேகத்தைக் கட்டுப்படுத்திவையுங்கள், இல்லையென்றால் நடுவர் பேசும்போது யாராவது ஒருவர் தன் புகைப்படங்களை எல்லாம் மேகக் கிடங்குக்கு ஏற்றிக்கொண்டிருப்பார்.

கைப்பேசியில் திறக்கும் பக்கம்

மீடியாஎம்டிஎக்ஸ் தானே ஒரு பக்கம் தருகிறது. சோதனைக்கு அது போதும். மக்களுக்கு நீங்களே ஒன்று எழுதுங்கள். பொத்தான் கட்டாயம்: பயனர் தொடாமல் ஒலியைத் தொடங்க ஐபோனும் விடாது, குரோமும் விடாது. தொட்ட அந்தக் கணத்திலேயே ஒலியை இயக்கும் கட்டளை போக வேண்டும்.

ஒலியைப் பக்கத்தின் சாதாரண ஆடியோ உறுப்பு (audio) வழியாகவே விடுங்கள். பிரவுசரின் இன்னொரு ஒலி வசதியான வெப் ஆடியோ வழியாக விட்டால் ஐபோனின் பக்கவாட்டு அமைதிப் பொத்தான் அதையும் ஊமையாக்கிவிடும். கூட்டத்துக்கு வருகிறவர் மரியாதைக்காக அதைத்தான் முதலில் அழுத்துவார். ஐபோனில் குரோம் என்று பெயர் போட்டிருந்தாலும் நம் நாட்டில் உள்ளே ஓடுவது சஃபாரியின் எஞ்சின்தான். ஆகவே சோதனையைச் சஃபாரியில் செய்தால் போதும்.

திரை அணைந்தால் என்ன ஆகும் என்பது கைப்பேசிக்குக் கைப்பேசி மாறும். திரையை விழிக்கவைக்கும் வசதியைப் பக்கத்திலேயே கேட்டுப் பெறுங்கள். ஐபோனில் அது 2023இல் ஐஓஎஸ் 16.4 முதல் இருக்கிறது. பின்னணியைக் கறுப்பாக வையுங்கள், பேட்டரிக்கும் நல்லது, பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணுக்கும் நல்லது. இடையில் அழைப்பு வந்து ஒலி நின்றுபோனால் தானாகத் திரும்ப இணைய முயலட்டும். முடியாவிட்டால் "மீண்டும் கேட்க இங்கே தொடவும்" என்று பெரிய எழுத்தில் வரட்டும்.

மொழிபெயர்ப்புக் கூட்டம் என்றால் சேமிப்பின் குறைந்த அளவை 300 மில்லிவினாடி என்று பக்கமே கேட்கலாம். குரோம் கேட்கும், அந்த வசதி இல்லாத பிரவுசர் பொருட்படுத்தாமல் தன் போக்கில் போகும். பட்டிமன்றத்துக்கு அதைத் தொடாதீர்கள்.

பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இரண்டு எண்களைக் காட்டுங்கள்: சேமிப்பின் சராசரித் தாமதம், ஊகித்து நிரப்பிய ஒலியின் விகிதம். இரண்டும் வெப்ஆர்டிசி தரும் புள்ளிவிவரத்திலேயே இருக்கின்றன. அவை தொடக்கத்திலிருந்து கூடிக்கொண்டே போகும் தொகைகள். ஐந்து வினாடிக்கு ஒருமுறை எடுத்து, முந்தையதைக் கழித்துப் பார்க்க வேண்டும். யாராவது "சரியில்லை" என்று கைகாட்டினால் அவர் கைப்பேசியை வாங்கி இந்த எண்களைப் பார்த்தாலே போதும்.

நுழைவதற்குக் க்யூஆர் குறியீடுகள் இரண்டு, ஒன்று வைஃபைக்கு, ஒன்று பக்கத்துக்கு. நாற்காலியின் முதுகில் ஒட்டுங்கள். கேமராவால் பார்க்கச் சொல்லுங்கள். வேறு செயலிக்குள்ளிருந்து திறந்தால் அந்தச் செயலியின் அரைகுறை பிரவுசரில் மாட்டிக்கொள்வார்கள்.

கம்பி இயர்போன் ஒரு பை நிறைய வைத்திருங்கள். டைப்-சி மாற்றியும் வேண்டும், இப்போது பல கைப்பேசிகளில் வட்டத் துளையே இல்லை. புளூடூத் இயர்போன் தன் பங்குக்கு 100 முதல் 300 மில்லிவினாடி சேர்க்கும். இவ்வளவு நேரம் நாம் பட்ட பாடு அதில் போய்விடும். இயர்போன் இல்லாமல் கைப்பேசியின் ஸ்பீக்கரில் யாரும் கேட்கக் கூடாது என்று மேடையிலிருந்தே அறிவிக்கச் சொல்லுங்கள்.

அளந்து பாருங்கள்

காதால் ஊகிக்க வேண்டாம். இன்னொரு லேப்டாப்பில் இரண்டு தடப் பதிவு வையுங்கள்: இடப்பக்கம் மிக்சரிலிருந்து நேராக, வலப்பக்கம் கைப்பேசியின் இயர்போன் துளையிலிருந்து. மைக்கின் முன் கைதட்டுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் திறந்து இரண்டு முட்களுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாருங்கள். 48,000 மாதிரிப் பதிவில் 48 மாதிரி என்பது ஒரு மில்லிவினாடி. கைதட்டல்களுக்கு இடையே மூன்று நான்கு வினாடி விடுங்கள், ஒரே சீராகவும் தட்டாதீர்கள். அரை வினாடிக்கு ஒருமுறை அடிக்கும் மெட்ரோனோமை வைத்தால், 600 மில்லிவினாடித் தாமதம் 100 என்று தோன்றி உங்களைக் குஷிப்படுத்தும்.

விலை குறைந்த ஆண்ட்ராய்டு ஒன்று, பழைய ஐபோன் ஒன்று என இரண்டிலாவது அளந்துவிடுங்கள். ஒரே சர்வர், ஒரே வைஃபை, ஆனாலும் எண்கள் வேறாக இருக்கும். ஒலியை வெளியே தள்ளுவதில் கைப்பேசியே எடுத்துக்கொள்ளும் நேரம் அது. அதில் நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

கூட்டம் நடக்கும்போது காதில் விழுவதை வைத்தே நோயைக் கண்டுபிடிக்கலாம். குரல் ரப்பர்போல் இழுபட்டால் பாக்கெட்டுகள் தாறுமாறாக வருகின்றன; அந்தப் பகுதியின் ஆக்சஸ் பாயின்டில் கூட்டம் அதிகம். எழுத்துகள் விழுங்கப்பட்டால் இழப்பு. அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள், பெரும்பாலும் தூணுக்குப் பின்னால் இருப்பார். தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தால் குரோமின் இரைச்சல் குறைப்பு இன்னும் அணையவில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அறுபட்டால் வைஃபையைத் தொடாதீர்கள். கோளாறு லேப்டாப்பிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது.

கச்சேரி, வெளியூர்

கச்சேரி என்றால் அமைப்பு வேறு: இசை முறை, இரட்டைத் தடம், 96 கிலோபிட்டாவது. ஈடுகட்டும் நகல் பேச்சு முறையில்தான் உதவும் என்பதால் அதை நம்பாமல் வைஃபையை இன்னும் தாராளமாக வையுங்கள். கேட்பவர்களின் எண்ணிக்கை குறைவாக இருந்தால் மட்டும் கச்சேரியை ஏற்றுக்கொள்கிறேன். மிருதங்கத்தின் ஒரு சொல் தொலைந்தால் கேட்பவர் மன்னிக்க மாட்டார்.

வெளியூரில் இருப்பவர்களும் கேட்க வேண்டும் என்றால் மண்டபத்திலிருந்து ஒரே ஒரு ஓடையை வாடகைச் சர்வருக்கு அனுப்பி, அங்கிருந்து எல்லோருக்கும் பிரியுங்கள். மண்டபத்து இணையத்திலிருந்து நேராக நூறு பேருக்கு அனுப்ப முயலாதீர்கள். சர்வர் மும்பையிலோ சென்னையிலோ இருக்கட்டும். கண்ணாடி இழையில் ஒளி ஆயிரம் கிலோமீட்டருக்கு 5 மில்லிவினாடி எடுக்கும், அமெரிக்காவில் வைத்தால் போக்கிலேயே நூறு மில்லிவினாடிக்குப் பக்கம் போய்விடும். ஐபிவி6 என்ற புதிய வகை இணைய முகவரியும் இருக்க வேண்டும். ஜியோ போன்ற கைப்பேசி வலைகள் முதன்மையாக அதில்தான் ஓடுகின்றன. யுடிபியை அடைத்துவைத்திருக்கும் அலுவலக வலைகளுக்காக 443ஆம் போர்ட்டில், ஒலியை இடையில் நின்று கைமாற்றிக் கொடுக்கும் டர்ன் சர்வர் ஒன்று வைத்தால் அவர்களும் கேட்கலாம், தாமதம் கூடும்.

செலவையும் போட்டுவிடுங்கள். வினாடிக்கு 52 கிலோபிட் என்பது ஒருவருக்கு மணிக்கு ஏறத்தாழ 23 மெகாபைட். முந்நூறு பேர், மூன்று மணி நேரப் பட்டிமன்றம் என்றால் 21 கிகாபைட். சர்வர் வாடகையில் வெளியே போகும் தரவுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று விழாக் குழுவிடம் தொகை சொல்வதற்கு முன்பே பாருங்கள். சொன்ன தொகையை அவர்கள் பிறகு ஏற்றித் தர மாட்டார்கள்.